எழுதும் முறை: எதனைவிட எது?

சென்ற திங்கள் இப்பகுதியில் ஆங்கில விண்ணப்பங்களின் தொடக்கத்தையும் முடிவையும் பற்றிச் சில சொன்னோம். அதனைப் படித்த அன்பர் சிலர், விண்ணப்பத்தின் நடுப்பகுதியில் நேரும் இடர் ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுள்ளனர். ஒன்றனை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கூறும் இடங்களில், தாம் எழுதுவது தம் கருத்தைத்தான் சொல்கிறதா என்னும் ஐயம் தமக்கு எழுவதாக அவர்கள் கூறுகின்றனர். ஐயம் நியாயமானதே. நம் சங்கத்து அன்பர்கள் அவ்வப்போது எம்மிடம் காட்டும் கடிதங்களில் பொருள் மயங்கும் வாக்கியங்களைத் தேடினால், அவற்றில் பெரும்பாலானவை ஒப்பிட்டுரைக்கும் வாக்கியங்களாகவே இருக்கின்றன.

இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் முறையீடு என்பது யாது என்று எண்ணிப் பாருங்கள். எனக்குப் பின் வந்தவருக்கு எனக்கு முன்பே பதவி உயர்வு கிடைத்தது. பக்கத்து வீட்டினரைவிட எம்மிடம் வாடகை மிகுதியாகக் கேட்கிறார்கள். சென்ற ஆண்டைக் காட்டிலும் பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது. மற்றைக் கட்டடங்களுக்கு வருவதைவிட எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் குறைவாக வருகிறது. இவை யாவும் ஒப்பீடுகளே அன்றோ? சொந்த ஊரிலாயின் நேரில் சென்று நாலு வார்த்தை பேசி விளக்கிவிடலாம். வெளி மாநிலத்தில் நம்மை அறியாத ஓர் அதிகாரியின் மேசையில் நமக்காகப் பேசுவது அந்த ஒரு தாள்தான். அதில் ஒப்பீடு மயங்கினால் வழக்கே மயங்கிவிடும்.

இவ்விதழின் வழக்கப்படி ஆங்கில எடுத்துக்காட்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். சற்றே நிதானித்துப் படித்தருள்க.

முதலில், நாம் ஏன் தடுமாறுகிறோம் என்பதைப் பார்ப்போம். தமிழில் ஒப்பீட்டின் சுமை முழுவதும் பெயர்ச்சொல்லின் மேல் நிற்கிறது. ‘பெரிய வீடு’ என்கிறோம். ‘அதைவிடப் பெரிய வீடு’ என்கிறோம். ‘பெரிய’ என்னும் சொல் இரண்டிடத்தும் மாறவில்லை. ‘அது’ என்பதுதான் ‘அதைவிட’ என்று மாறிற்று. பழைய தமிழில் இவ்வேலையை ஐந்தாம் வேற்றுமை உருபாகிய ‘இன்’ செய்தது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகியவற்றை அவ்வுருபின் பொருள்களாக நன்னூலார் வகுத்தார். பிற்காலத்தில் ‘காட்டிலும்’, ‘பார்க்கிலும்’, ‘விட’ ஆகியவை அவ்விடத்தை நிரப்பின.

நம் பிள்ளைகள் வளரும் அயல்மொழிச் சூழலும் இதே வழியில்தான் செல்கிறது. இந்தியில் ‘ஸே’ என்னும் உருபே நீங்கலையும் குறிக்கிறது, ஒப்பீட்டையும் குறிக்கிறது. நமது ‘இன்’ உருபின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அங்கும் ‘படா’ என்பது ‘படா’வாகவே நிற்கும். வங்காளத்தில் ‘சேயே’ என்கிறார்கள். ‘பார்த்து’ என்னும் பொருளுடைய வினையெச்சத்திலிருந்து வந்த சொல் அது. ‘அவனைப் பார்க்கிலும் இவன் கெட்டிக்காரன்’ என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கொல்கத்தாவில் உள்ள அன்பர்கள் நினைவு கூர்க. எங்கெங்கோ பிறந்த மொழிகள் ஒரே வகையில் ‘பார்த்து’ ஒப்பிடுகின்றன என்பது வியப்புக்குரியதே.

ஆங்கிலம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. அங்குப் பெயர் மட்டுமன்றி அடைமொழியும் அசைய வேண்டும். ‘டால்’ என்பது ‘டாலர்’ ஆக வேண்டும். ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொல்லாயின் முன்னே ‘மோர்’ வர வேண்டும். அதன் பின்னரே ‘தேன்’. (எழுத்தளவில் அது தேன், தவறாக ஆண்டால் வேம்பு.) வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் குழந்தை ‘ஹி இஸ் டால் தேன் மீ’ என்று எழுதினால் அது மந்தபுத்தி அன்று, இரண்டு மொழிகளின் இலக்கணத்தையும் மூன்றாவதற்குள் ஏற்றிவிடுகிறது, அவ்வளவே. திருத்தப்பட்ட பின் அச்சம் மிகுந்து ‘மோர் டாலர்’, ‘மோர் பெட்டர்’ என்று இரட்டை அடையாளம் இடுவதும் உண்டு. ஒன்று போதும் என்று சொல்லிக் கொடுத்தால் ஓராண்டில் சரியாகிவிடும். ‘தேன்’ என்பதையும் ‘அப்பொழுது’ என்னும் பொருளுடைய ‘தென்’ என்பதையும் எழுத்தில் மாற்றிவிடுவதும் அத்தகையதே. ஆதியில் இரண்டும் ஒரே சொல். அவற்றின் எழுத்து வேறுபாடு நிலைபெற்றது 1700-ஐ ஒட்டித்தான் என்பர். ஆங்கிலேயருக்கே அத்தனை காலம் பிடித்தது என்றால் நம் பிள்ளைகளைக் கடிந்துகொள்வானேன்?

இவை குழந்தைகளின் பிழைகள். பெரியவர்களின் பிழைகள் இவற்றினும் நுண்ணியவை. இலக்கணப் புத்தகத்தின் கண்ணுக்குத் தப்புபவை. அவற்றுள் முதலாவது, ‘லெஸ்’ என்னும் சொல். தமிழில் ‘தண்ணீர் குறைவு’, ‘சம்பளம் குறைவு’ என்று சொல்லி நிறுத்தலாம். கேட்பவர் ‘போதவில்லை’ என்று பொருள் கொள்வார். அதனையே ‘தி வாட்டர் சப்ளை இஸ் லெஸ்’ என்று எழுதினால், ஆங்கிலம் அறிந்தவர் வாக்கியம் முடியவில்லையென்று எண்ணி, ‘எதனைவிட?’ என்று காத்திருப்பார். நேற்றையைவிடக் குறைவா, அடுத்த வீட்டைவிடக் குறைவா, தேவையைவிடக் குறைவா? போதாமையே கருத்தாயின் ‘நாட் இனஃப்’ என்றோ ‘இன்அடிகுவட்’ என்றோ எழுதுக. ஒப்பீடே கருத்தாயின் ‘தேன்’ போட்டு மற்றைப் பக்கத்தையும் நிரப்புக. ‘எங்கள் மாடிக்கு நாள்தோறும் அரைமணி நேரமே தண்ணீர் வருகிறது, கீழ்த்தளத்துக்கு இரண்டு மணி நேரம் வருகிறது’ என்று எழுதிவிட்டால் ‘லெஸ்’ என்னும் சொல்லே வேண்டியதில்லை.

அடுத்தது, இனத்தை இனத்தோடு ஒப்பிடாமை. நம்மவர் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். ‘டில்லியின் வெயில் சென்னையைவிடக் கடுமை’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். வெயிலை ஊரோடு ஒப்பிட்டுவிட்டோமே என்று எவரும் குறை காண்பதில்லை. ‘சென்னையின் வெயிலைவிட’ என்று கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். தமிழ்ப் பேச்சு அந்த உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. ஆங்கில எழுத்து அவ்வுரிமையை எளிதில் தருவதில்லை. ‘தி சம்மர் ஆஃப் டெல்லி இஸ் ஹாட்டர் தேன் சென்னை’ என்பது கோடையை ஒரு நகரத்தோடு ஒப்பிடுகிறது. ‘தேன் தட் ஆஃப் சென்னை’ என்க. அது சற்றுக் கனமாகத் தோன்றினால் ‘டெல்லி இஸ் ஹாட்டர் இன் சம்மர் தேன் சென்னை’ என்று ஊரை ஊரோடு வைத்துவிடுக. எமக்கு இரண்டாவதே பிடிக்கும்.

வெயிலைப் பற்றிய வாக்கியத்தில் இதனால் எவருக்கும் நட்டமில்லை. பதவி மூப்பைப் பற்றிய விண்ணப்பத்தில் உண்டு. ஓர் அலுவலர், ‘மை சர்வீஸ் இஸ் லாங்கர் தேன் ஹிம்’ என்று எழுதுகிறார் என்று கொள்வோம். தம் பணிக்காலத்தை அவர் ஓர் ஆளோடு ஒப்பிட்டுவிட்டார். ‘தேன் ஹிஸ்’ என்று ஓரெழுத்தை மாற்றினால் பணிக்காலம் பணிக்காலத்தோடு நிற்கும். அத்துடன் நில்லாது, எந்தப் பணிக்காலம் என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தப் பணியா, இப்பதவியில் ஆற்றிய பணியா? மொத்தத்தில் தாம் மூத்தவராகவும் இப்பதவியில் மற்றவர் மூத்தவராகவும் இருத்தல் கூடும். அதிகாரி தமக்கு வசதியான பொருளைக் கொண்டு விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால், அவரைக் குறை கூறிப் பயனில்லை. வாசலைத் திறந்து வைத்தவர் விண்ணப்பதாரர். ‘இந்தப் பதவியில் நான் இன்ன நாளில் சேர்ந்தேன், அவர் இன்ன நாளில் சேர்ந்தார்’ என்று இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதுவதே இங்கு உத்தமம்.

பதவி மூப்பைப் பற்றிப் பேசும்போதே மற்றொன்றையும் சொல்லிவிடலாம். ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவை இலத்தீன் மொழியிலிருந்து ஒப்பீட்டு வடிவத்தோடு வந்த சொற்கள். அவற்றுக்குப் பின் ‘தேன்’ வாராது, ‘டு’ வரும். ‘ஐ ஆம் சீனியர் டு ஹிம்’ என்பதே வழக்கு. ‘ப்ரிஃபர்’ என்பதும் ‘டு’ ஏற்கும். ‘மோர் சீனியர் தேன்’ என்று இக்காலத்தில் நல்ல எழுத்தாளர்களும் எழுதுகின்றனர். அதனைப் பிழையென்று நாம் தள்ளமாட்டோம். ‘சீனியர் தேன்’ மட்டும் இன்னும் ஏற்கப்படவில்லை. மேலும், தாம் பணிபுரியும் பிரிவைச் சொல்லி ‘சீனியர் டு எனி மெம்பர் ஆஃப் தி செக்ஷன்’ என்று எழுதினால், அப்பிரிவில் தாமும் ஒருவராதலின் தமக்கே தாம் மூத்தவர் ஆகிவிடுகிறார்! ‘எனி அதர் மெம்பர்’ என்று ஒரு ‘அதர்’ சேர்த்தால் போதும். வேறொரு பிரிவினரோடு ஒப்பிடுங்கால் இந்த ‘அதர்’ வேண்டுவதில்லை.

இனி, இரு பொருள்படும் வாக்கியங்கள். ‘மை ஒய்ஃப் லவ்ஸ் மை மதர் மோர் தேன் மீ’ என்று ஒருவர் தம் நண்பருக்கு எழுதுகிறார். மனைவிக்குத் தம்மிடத்துள்ள அன்பைவிட மாமியாரிடத்து அன்பு மிகுதி என்கிறாரா? அல்லது தாயாரிடத்தில் தாம் வைத்துள்ள அன்பைவிட மனைவி வைத்துள்ள அன்பு மிகுதி என்கிறாரா? முன்னது குறைபாடு, பின்னது புகழ்ச்சி. படிக்கும் நண்பர் ஆறுதல் கூறுவதா பாராட்டுவதா என்று விழிப்பார். தமிழிலும் ‘என்னைவிட’ என்பது இரு பொருளுக்கும் இடம் தருவதே. ஆயினும் சொல்லை வைக்கும் இடத்தால் நாம் ஒருவாறு வேறுபடுத்துகிறோம். ‘என்னைவிட என் மனைவி என் தாயாரை அதிகம் நேசிக்கிறாள்’ என்றால் ஒப்பீடு எனக்கும் மனைவிக்கும். ‘என் மனைவி என்னைவிட என் தாயாரை அதிகம் நேசிக்கிறாள்’ என்றால் பெரும்பாலும் எனக்கும் தாயாருக்கும். ஒப்பிடப்படுவது எதுவோ அதன் பக்கத்தில் ‘விட’ சென்று நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘தேன் மீ’ பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றிலேயே நிற்பதால் இடத்தைக்கொண்டு பொருள் காணுதல் அரிது.

இதற்கு ஆங்கில இலக்கணிகள் கூறிய பரிகாரம் பழமையானது. இராபர்ட் லௌத் என்பவர், பின்னாளில் இலண்டன் பிஷப்பாக இருந்தவர், 1762-ல் வெளியிட்ட தம் இலக்கண நூலில், ‘தேன்’ என்பதற்குப் பின் மறைந்து நிற்கும் வினையைக் கண்டு அதற்கேற்ப ‘ஐ’ என்றோ ‘மீ’ என்றோ எழுத வேண்டும் என்று விதித்தார். நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் ரென்–மார்ட்டின் புத்தகமும் அவ்வழியே செல்லும். விதி சரியே; ஆனால் இன்று பேச்சிலும் எழுத்திலும் ‘தேன் மீ’ என்பதே பரவி நிற்பதால், அவ்வேறுபாட்டை மட்டும் நம்பியிருத்தல் போதாது. மறைந்த வினையை வெளியே எழுதிவிடுவதுதான் எம் யோசனை. ‘தேன் ஐ டூ’ என்றால் ஒரு பொருள். ‘தேன் ஷீ லவ்ஸ் மீ’ என்றால் மற்றொன்று. இரண்டு சொற்கள் கூடுதலாகச் செலவாகும். ஒரு குடும்பத்தின் அமைதிக்கு அது பெருஞ்செலவன்று.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இங்கே ஓர் உதவி உண்டு. ஒப்பிட்டு உரைப்பதை நம் முன்னோர் உவமப்பொரு, உறழ்பொரு என இரண்டாகப் பகுத்தனர். இதுபோல அது என்று சமமாக வைப்பது முன்னது. இதனைவிட அது என்று ஏற்றத்தாழ்வு காட்டுவது பின்னது. உரையாசிரியர்கள் காக்கையின் கருமையையும் களாப்பழத்தின் கருமையையும் பக்கத்தில் வைத்து இதனை விளக்குவார்கள். ஆங்கிலத்தில் உவமப்பொருவுக்கு ‘அஸ் … அஸ்’; உறழ்பொருவுக்கு ‘தேன்’. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் புகுந்தால்தான் குழப்பம். ‘திஸ் ஃப்ளாட் இஸ் அஸ் குட் ஆர் பெட்டர் தேன் தட்’ என்னும் வாக்கியத்தில் முதல் ‘அஸ்’ துணையின்றித் தவிக்கிறது. ‘அஸ் குட் அஸ், ஆர் பெட்டர் தேன்’ என்று இரண்டையும் நிறைவாக முடிக்க வேண்டும். அல்லது ‘அட் லீஸ்ட் அஸ் குட் அஸ்’ என்று ஒன்றாகச் சுருக்கிவிடலாம். ‘ஹையர் அஸ் கம்பேர்டு டு லாஸ்ட் இயர்’ என்று நம் நாட்டு அலுவலகங்களில் வழங்கும் தொடரும் இத்தகைய கலப்பே. ‘ஹையர்’ என்று சொன்ன அப்பொழுதே ஒப்பீடு வந்துவிட்டது. ‘தேன் லாஸ்ட் இயர்’ என்று முடித்தால் சுருக்கமும் தெளிவும் ஒருங்கே கிட்டும்.

எண்கள் நுழையும் இடத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வாடகை 10,000 ரூபாயாக இருந்தது. இப்பொழுது ‘த்ரீ டைம்ஸ் மோர்’ கேட்கிறார் என்று எழுதினால், கேட்கப்படுவது 30,000 ரூபாயா, பழைய 10,000-த்துடன் மும்மடங்கு சேர்ந்த 40,000 ரூபாயா? ஆங்கிலேயரிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. நம் ‘மூன்று மடங்கு அதிகம்’ என்பதிலும் இதே மயக்கம் உண்டு. ‘மும்மடங்கு’ என்பதில் இல்லை. ‘த்ரீ டைம்ஸ் அஸ் மச் அஸ்’ என்பது மும்மடங்கையே குறிக்கும். ‘த்ரீ டைம்ஸ் லெஸ்’ என்பதை அறவே விட்டுவிட்டு ‘ஒன் தேர்டு’ என்று எழுதுக.

சதவீதம் இதனினும் வஞ்சகமானது. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 2024 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் 46 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. அகவிலைப்படி ‘4 சதவீதம் உயர்ந்தது’ என்று பொதுவாகச் சொன்னார்கள். அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் பெறுபவருக்கு 23,000 ரூபாயாக இருந்த படி 25,000 ரூபாயாயிற்று. உயர்வு 2,000 ரூபாய். சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு 23,000 ரூபாயில் 4 சதவீதம் கணக்கிட்டால் வருவது 920 ரூபாய்தான். உயர்ந்தது 4 சதவீதப் புள்ளிகள், ஆங்கிலத்தில் ‘பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்’. பழைய படியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 8.7 சதவீத உயர்வு. நிலுவைத்தொகை பற்றி எழுதுவோர் எந்தத் தொகையில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லி, ரூபாய்க் கணக்கையும் அருகில் எழுதுவது நலம்.

ஒப்பந்தங்களிலும் அறிவிப்புகளிலும் வரும் எதிர்மறை ஒப்பீடுகளைப் பற்றி ஒரு சொல். ‘நாட் லெஸ் தேன் டென் இயர்ஸ்’ என்றால் பத்து ஆண்டு நிறைந்தவரும் தகுதியுடையவர். ‘மோர் தேன் டென் இயர்ஸ்’ என்றால் சரியாகப் பத்து ஆண்டு உடையவர் வெளியே நிற்க வேண்டியதுதான். வாடகை ஒப்பந்தத்தில் ‘நாட் லெஸ் தேன் த்ரீ மந்த்ஸ்’ நோட்டீஸ் என்று இருந்தால் மூன்று மாதம் குறைந்த அளவு; ‘நாட் மோர் தேன்’ என்று இருந்தால் அதுவே உச்ச வரம்பு. கையெழுத்திடுமுன் இவ்விரண்டு சொற்களின் மேலும் விரலை வைத்துப் படியுங்கள். ‘நோ லெஸ் தேன்’ என்பது பெரும்பாலும் வியப்புக் குறிப்புடன் வரும். ‘ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் கேட்கிறானே!’ என்பது போல. பத்திரங்களில் அதற்கு வேலையில்லை.

வீட்டிலுள்ள மாணவர்களுக்காக மூன்று வாக்கியங்கள் தருகிறோம். திருத்தி எழுதி அனுப்புவோரின் விடைகளை அடுத்த இதழில் பார்ப்போம். ‘தி ஃபீஸ் இன் திஸ் ஸ்கூல் ஆர் மோர் ஹையர் தேன் தட் ஸ்கூல்.’ ‘மை கசின் இஸ் சீனியர் தேன் மீ இன் காலேஜ்.’ ‘தி ட்ரெயின் இஸ் அஸ் சீப் ஆர் சீப்பர் தேன் தி பஸ்.’ முதல் வாக்கியத்தில் உள்ள பிழைகள் இரண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.